அடுத்த வருஷத் தோட்டத்தில் என்ன நடலாம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. பின்னால் ஆறு சென்ட் தோட்டம். தை மாதத்தில் நான் விதை கொடுப்பது சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தெரியும் என்பதால், பொங்கல் முடிந்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடும். ஓசூர், அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை என்று எங்கிருந்து பேசினாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"அக்கா, அடுத்த வருஷத்துக்கு எப்போ திட்டம் போட ஆரம்பிக்கணும்?"

காலண்டரில் வருஷம் ஜனவரியில் பிறக்கலாம். தோட்டத்தின் வருஷம் நம் பக்கத்தில் ஆடியில்தான் பிறக்கிறது. ஆனால் ஆடியில் உட்கார்ந்து யோசித்தால் விதை கிடைக்காது, நாற்று தயாராகாது. போன போகத்துச் செடிகள் இன்னும் நிற்கும்போதே, மாசி பங்குனியில், நோட்டை எடுத்துவிடுங்கள். எது நன்றாக வந்தது, எதைப் பறித்துப் பறித்து மாட்டுக்குப் போட்டோம் என்பது அப்போதுதான் ஞாபகத்தில் இருக்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையிலும் பங்கு உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை கனமாக இருக்கும். அதை வைத்து வருஷத்தை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ஆடி, ஆவணியில் ஒரு நடவு. மழை ஓய்கிற ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நடவு. தை, மாசியில் சின்னதாக ஒன்று. பங்குனியிலிருந்து வைகாசி வரை இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

"விதைக் கடைக்குப் போனா எல்லாத்தையும் வாங்கணும்னு தோணுது. எதை நடறதுன்னு எப்படி முடிவு பண்றது?"

கடைக்குப் போகாதீர்கள். முதலில் அடுப்படிக்குப் போங்கள். இரண்டு வாரம், வீட்டில் என்ன காய் எவ்வளவு வாங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் எழுதிப் பார்த்தபோது தக்காளி, வெங்காயம், கீரை, கத்தரி இந்த நான்குதான் பாதிக்கு மேல். புடலங்காய் ஒரு நாள்கூட வாங்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருஷம் பந்தலில் பாதியைப் புடலைக்குக் கொடுத்திருந்தேன். பாம்பு மாதிரி தொங்குவதைப் பார்க்க அழகாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

அடுத்தது விலை. வெங்காயம் நிறைய வாங்குகிறோம் என்பதற்காக அதை நட வேண்டியதில்லை. இடத்தை அடைத்துக்கொள்ளும், சந்தையில் நல்லதாகவே கிடைக்கும். பறித்த அன்றே சமைத்தால் ருசி மாறுகிற கீரை, வெண்டை, பிஞ்சுக் கத்தரி, அவரை போன்றவற்றுக்குத்தான் வீட்டு மண்ணை முதலில் ஒதுக்குவேன். கறிவேப்பிலையும் முருங்கையும் வேலியோரம் நிற்கட்டும், பாத்திக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"நாலு பேர் இருக்கோம். எவ்வளவு இடம் வேணும், எத்தனை செடி வைக்கணும்?"

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 சென்ட் போதும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. வேலைக்குப் போகிறவர்கள் 2 சென்டில் ஆரம்பித்தால் போதும். முதல் வருஷமே ஐந்து சென்டையும் கொத்திவிட்டு, புரட்டாசியில் களைக்குள் செடியைத் தேடியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

ஒரு நடவுக்கு என் கணக்கு இது: தக்காளி 15 செடி, கத்தரி 8, மிளகாய் 6, வெண்டை 30, பாகல் 2 குழி, கொடி அவரை 2, சுரை 1, பூசணி 1. தக்காளி செடிக்கு 2 கிலோ என்று வைத்தாலும் 15 செடியில் 30 கிலோ. இரண்டு மாதத்துக்குப் பரவி வந்தால் வாரத்துக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சுரை ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். கத்தரிக்கு இரண்டடி இடைவெளி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. நாற்றாக இருக்கும்போது இந்த இடம் வீணாகத் தெரியும். நெருக்கி நட்டால் பிற்பாடு காற்றோட்டம் இல்லாமல் நோய் வரும்.

"எனக்கு மாடி மட்டும்தான் இருக்கு."

கீரை, மிளகாய், கத்தரி, தக்காளி, புதினா, கொத்தமல்லி. பைகளில் இவை நன்றாக வரும். பூசணியையும் சுரையையும் மறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மாடிப் பைக்குக் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் வேண்டும். அந்த மாதம் வீட்டில் ஆள் இருக்குமா என்பதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

"கோடையில போர் வத்திடுது. போன வருஷம் எல்லாம் காஞ்சு போச்சு. என்ன தப்பு பண்ணினேன்?"

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் ஊரில் தோட்டத்தின் அளவைச் சித்திரை மாதத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. மண் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுட்டெரிக்கும் வெயிலில், செடி மூடிய பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் போகும். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஆக, சென்டுக்கு 200 லிட்டர், குடத்தில் சொன்னால் பதின்மூன்று குடம். ஐந்து சென்டுக்கு ஆயிரம் லிட்டர், அதாவது மாடியில் இருக்கும் தொட்டி முழுவதும் ஒவ்வொரு நாளும். போர் அரை மணி நேரம் ஓடி மூச்சு வாங்குகிற வீட்டில் இது நடக்கிற காரியமா? நீங்கள் தப்பாக எதையும் செய்யவில்லை. ஐப்பசியில் இருந்த தண்ணீரை நம்பி வைகாசிக்கும் செடி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அதனால் மாசிக்குள் தோட்டத்தைச் சுருக்குங்கள். எங்கள் ஆறு சென்ட் கோடையில் ஒன்றரை சென்ட் ஆகிவிடும். அதில் நிற்பவை: கவாத்துப் பண்ணிவிட்ட கத்தரி (ஆறு மாதம் காய்த்த செடியை அரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும்), மிளகாய், கொத்தவரை, காராமணி, மணத்தக்காளி, நிழலோரம் பசலை. கரும்புச் சோகையோ நிலக்கடலைத் தோலோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுவேன். மூடாக்கு இல்லாத பாத்திக்குத் தினமும் ஊற்றும் தண்ணீரை, மூடாக்குப் பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் சரியாக இருக்கிறது. மீதி நாலரை சென்ட் சும்மா கிடக்கும். முதல் கோடை மழை விழுந்ததும் அதில் கொள்ளோ தக்கைப்பூண்டோ இறைத்துவிட்டு, பூக்கும் முன் மடக்கி மண்ணோடு சேர்த்தால் ஆடி நடவுக்கு அதுவே உரம்.

"எங்க போர் தண்ணி ஒரே உப்பு. பாத்தி மேல வெள்ளையா பூக்குது. ஏதாவது வருமா?"

வரும், ஆனால் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பீன்ஸ், வெங்காயம், கேரட், முள்ளங்கி இவை உப்புக்குச் சீக்கிரம் மடங்கும். கொத்தவரை நன்றாகத் தாங்கும், பீட்ரூட்டும் அப்படியே. உப்பைத் தாங்காத கீரை, பீன்ஸ் வகைகளை மழை மாதங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். மழை மண்ணை அலசிக் கொடுத்த பிறகு, கார்த்திகை வரைக்கும் பெரிய தொல்லை இருக்காது. தொழு உரம் தாராளமாகப் போடுங்கள், மொட்டை வெயிலில் மண்ணைத் திறந்து போடாதீர்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம் போகிறவர்கள் மண், தண்ணீர் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள். இருநூறு ரூபாய் விதையை வீணாக்கிவிட்டு யோசிப்பதைவிட நல்லது.

இதோடு சேர்த்து ஃபுளோரைடு பற்றியும் கேட்கிறார்கள். அது முதலில் குடிக்கிற தண்ணீரின் பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே அதற்காகத்தான். அந்தக் குழாயைத் தோட்டத்துக்குத் திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

"ஓசூர்ல தங்கச்சி வீட்டுல கேரட்டு, கோஸ் எல்லாம் சூப்பரா வருது. அதே விதைதான், தர்மபுரியில எனக்கு ஏன் வரல?"

விதை ஒன்றுதான், உயரம் வேறு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். தர்மபுரி 500 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குளிரும் என்பது பொதுக்கணக்கு. தங்கச்சி வீட்டில் இரண்டு மூன்று டிகிரி குறைவு, தளிப் பக்கம் இன்னும் உயரம். கோஸ் உருண்டை கட்டவும், காலிஃபிளவர் பூ பிடிக்கவும் அந்த இரண்டு மூன்று டிகிரிதான் வேண்டும்.

தர்மபுரியிலும் கோஸ் வரும். புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு, ஐப்பசிக் கடைசியில் நட்டு, தையில் அறுத்துவிட வேண்டும். மாசியைத் தாண்டினால் உருண்டை வெடிக்கும், புழு வரும். முள்ளங்கிக்கும் நூக்கலுக்கும் இதே பருவம்தான். அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இன்னும் சூடு அதிகம் என்பதால் நான் இவற்றைச் சிபாரிசு செய்வதில்லை. ஓசூர்க்காரர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை இருக்கிறது. மார்கழிக் குளிரில் வெண்டையும் பாகலும் முளைக்கவே சோம்பல்படும். அவர்கள் அதை மாசிக்குத் தள்ளிவைக்கட்டும்.

"போன வருஷம் தக்காளி வச்ச இடத்துல இந்த வருஷம் கத்தரி வைக்கலாமா? அது வேற செடிதானே?"

நமக்கு வேறு, மண்ணுக்கு ஒன்று. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வரும் வாடல் நோயும், வேரைத் தாக்கும் நூற்புழுவும் இன்னொன்றுக்கும் வரும். அவரை, கொத்தவரை, காராமணி, பீன்ஸ் இன்னொரு குடும்பம். சுரை, பீர்க்கு, பாகல், புடல், பூசணி, வெள்ளரி மூன்றாவது. கோஸும் முள்ளங்கியும் ஒரு குடும்பம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வெண்டை பருத்திக்குச் சொந்தம்.

நான் இதைத் தெரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை. ஒரே பாத்தியில் முதல் வருஷம் தக்காளி, அடுத்து கத்தரி, அதற்கடுத்து மிளகாய் வைத்தேன். மாற்றி மாற்றித்தானே வைக்கிறோம் என்ற நினைப்பு. மூன்றாவது வருஷம் மிளகாய்ச் செடி பகலில் தொங்கி, இரவில் நிமிர்ந்து, பத்து நாளில் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, பாசிமணி கோத்த மாதிரி. நூற்புழு. அந்தப் பாத்தியில் ஒரு போகம் முழுக்கச் செண்டுமல்லி அடர்த்தியாக வைத்தேன், அதன் பிறகுதான் கொஞ்சம் தேறியது. ஓரத்தில் அழகுக்கு நாலு செண்டுமல்லி வைத்தால் இந்த வேலை நடக்காது.

எளிய வழி நாலு பாத்தி. ஒன்றில் கத்தரி குடும்பம், அடுத்ததில் அவரை குடும்பம், மூன்றாவதில் தரையில் படரும் பூசணி, வெள்ளரி, நாலாவதில் வெண்டை, கீரை, முள்ளங்கி. அடுத்த வருஷம் எல்லாரும் ஒரு பாத்தி தள்ளி உட்கார வேண்டும். பந்தல் நகராது என்பதால் பந்தலுக்கு அடியில் ஒரு போகம் பாகல், அடுத்த போகம் அவரை என்று ஆளை மாற்றுங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ள முடியாது. நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதுங்கள்.

"எங்க வீட்டுல பாதித் தோட்டமே தக்காளிதான். நாலு பாத்திக் கணக்கு எப்படி ஒத்து வரும்?"

ஒத்து வராது. பாதித் தோட்டம் தக்காளி என்றால் ஒரே ஒரு வருஷ இடைவெளியில் தக்காளி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அது போதாது, வாடல் நோய் வந்த மண்ணில் சுத்தமாகப் போதாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது. ராகி. பாக்டீரியா வாடல் வந்த மண்ணில் இடையில் ஒரு போகம் ராகி விட்டுவிட்டுப் பிறகு கத்தரி நடுவது பலன் தருகிறது என்பது நிரூபணமான பயிர்ச் சுழற்சி. அரை சென்டில் ராகி விட்டால் களி கிண்ட ஒரு வாரத்துக்குக்கூட வராதுதான். அதை மண்ணுக்கான வைத்தியச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராகிக்கு நடுவே பழைய வழக்கப்படி ஒரு சால் மொச்சையும் போட்டால் பிதுக்கம்பருப்புக் குழம்புக்காவது ஆகும்.

"தக்காளி எந்த மாசம் வச்சாலும் வருமா? விலை ஏறும்போது நம்ம வீட்டுல இருக்கணும்."

எல்லாருடைய ஆசையும் இதுதான். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆனி, ஆடியில் விலை ஏறுவதற்கு ஒரு காரணம் அந்தக் கோடையில் தக்காளிச் செடி காய்க்காததுதான். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோயும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் ஏக்கர் கணக்கில் வைப்பவர்களுக்கே வராத பருவத்தில் நம் பதினைந்து செடி மட்டும் குலுங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிழல்வலை போட்டு ஆறு செடி காப்பாற்றலாம், அதுவும் தண்ணீர் இருந்தால்.

என் வழக்கம்: ஆடிக் கடைசியில் நாற்று விட்டு ஒரு நடவு, ஐப்பசியில் விட்டு இன்னொன்று. நாற்றுக்கு 25 நாள், நட்டபின் பழம் பறிக்க இரண்டு மாதம். ஐப்பசி நாற்றுதான் எனக்கு எப்போதும் நன்றாக வருகிறது. பழம் தையில் ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் பழம் தரையைத் தொட்டால் அழுகும் என்பதால் முதல் நடவுக்குக் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். ரகம் கேட்பவர்களுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே பையூர் 1 என்று ஒரு தக்காளி ரகம் உண்டு, பி.கே.எம். 1 இருக்கிறது. இரண்டும் விதை எடுத்து வைக்கக்கூடியவை. சந்தையில் விலை விழுந்து கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும் வாரங்களில் வாங்கி வற்றல் போட்டு வையுங்கள். ஆனி மாதத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

"ஆடியில நாட்டு அவரை போட்டேன். பந்தல் முழுக்கக் கொடி, ஒரு பூ இல்ல. உரம் ஜாஸ்தியாயிடுச்சா?"

தழை உரம் ஜாஸ்தியானாலும் இப்படி ஆகும். ஆனால் நாட்டுக் கொடி அவரை என்றால் பெரும்பாலும் காரணம் அதுவல்ல. பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். ஆடியில் போட்டாலும், அதற்கு முன்பே போட்டாலும், ஐப்பசி கார்த்திகையில்தான் பூ எட்டிப் பார்க்கும், மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொறுமையாக இருங்கள், வெட்டிவிடாதீர்கள்.

திட்டம் போடும்போது இது முக்கியம். நாட்டு அவரைக்கு ஆடியிலிருந்து மாசி வரை பந்தலைக் குத்தகைக்கு விட்டதாக எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் பந்தல் காலி இல்லை என்பவர்கள் குத்து அவரை ரகங்களைப் பார்க்கலாம். பொழுது கணக்கெல்லாம் பார்க்காமல் எந்தப் பட்டத்திலும் பூக்கும் ரகங்கள் அதில் உண்டு. தை மாதம் "விதை குடுங்க, இப்பவே போடறேன்" என்று கேட்பவர்களுக்கு நான் கொடி அவரை விதை கொடுக்க மறுப்பது இதனால்தான். கஞ்சத்தனம் இல்லை.

"நாட்டு விதையா, ஹைப்ரிட்டா?"

இதில் எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஹைப்ரிட் தக்காளி நிறையக் காய்க்கும், ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்று போல இருக்காது, ஆளாளுக்கு ஒரு குணமாகப் பிரியும். வருஷா வருஷம் பாக்கெட் வாங்க முடியும் என்றால் வாங்குங்கள். கீரை, அவரை, கத்தரி, சுரை, பீர்க்கு இவற்றுக்கு நாட்டு விதைதான் வைப்பேன். விதை எடுத்துப் பழக அவரையிலும் தக்காளியிலும் ஆரம்பியுங்கள். இரண்டும் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்துவிடும் செடிகள், கலப்பு குறைவு. நன்றாகக் காய்த்த கொடியில் முதலிலேயே ஒரு நூலைக் கட்டி "இது விதைக்கு" என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாததால் எங்கள் வீட்டில் விதைச் சுரை ஒரு முறை கூட்டாகிவிட்டது.

"எங்க சுரைக்காய் கசந்துபோச்சு. பக்கத்துல பாகல் வச்சதாலயா? அதோட விதையை வைக்கலாமா?"

பாகல் மீது பழி போடாதீர்கள். பாகலும் சுரையும் ஒன்றோடொன்று கலக்காது. ஒரு சுரை கசக்கும் சுரையோடு போன தலைமுறையில் கலந்திருந்தால், அந்த விதையிலிருந்து வரும் கொடியின் காய் கசக்கும். அதாவது இந்த வருஷக் கசப்பு போன வருஷம் விதை எடுத்த இடத்தில் நடந்த கலப்பு. தண்ணீர் இல்லாமல் கொடி வாடினாலும் கசப்பு ஏறலாம்.

விதையை வைக்கக் கூடாது, கொடியையும் பிடுங்கிவிடுங்கள். அதைவிட முக்கியம், கசக்கும் சுரையைச் சமைத்துச் சாப்பிடாதீர்கள், சாறு எடுத்துக் குடிக்கவே குடிக்காதீர்கள். அதில் இருக்கும் நஞ்சு கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், ரத்த வாந்தி வரைக்கும் போகும். அரிந்ததும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும் பழக்கம் பெரியவர்களிடம் இருந்தது இதற்காகத்தான்.

"டப்பாவுல மூணு வருஷ விதை இருக்கு. முளைக்குமா?"

வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. வெண்டை, மிளகாய் இரண்டு மூன்று வருஷம். தக்காளி, கத்தரி, பூசணி வகைகள் நாலு வருஷம்கூடத் தாங்கும். எல்லாம் ஈரமில்லாமல் வைத்திருந்தால். ஈரத்துணியில் பத்து விதையை மடித்து வைத்து ஒரு வாரம் பாருங்கள். ஏழு முளைத்தால் போடலாம், ஐந்து என்றால் இரட்டிப்பாகப் போடலாம், அதற்கும் கீழே போனால் கோழிக்கு. இந்தச் சோதனையை வைகாசியிலேயே செய்யுங்கள், புது விதை தேட நேரம் இருக்கும்.

"மயில் வந்து எல்லாத்தையும் கொத்திடுது. குரங்கு வேற."

மயில் முளைப்பையும் பிஞ்சையும் கொத்தும். நேரடி விதைப்பைக் குறைத்து நாற்றாக நடுங்கள், முதல் மூன்று வாரம் வலை போடுங்கள். குரங்கு தக்காளியையும் வெள்ளரியையும் விடாது, பாகலையும் மிளகாயையும் பெரும்பாலும் தொடாது. குரங்கு வருகிற வீடு என்றால் திட்டத்தையே அதற்கேற்ப எழுதுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டோரத்தில் இருப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் வேண்டாம். யானைக்கு அழைப்பு அனுப்பின மாதிரி ஆகிவிடும்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னாங்க, விதைச்சோம். மழையே வரல. இப்ப என்ன செய்ய?"

நம் பக்கத்தில் ஆடி பல வருஷம் காற்றும் காய்ச்சலுமாகத்தான் போகும். மழை நிஜமாகப் பிடிப்பது ஆவணிக்கு மேல். பட்டம் என்பது ஒரு நாள் இல்லை, ஒரு வாசல், ஒரு மாதம் திறந்திருக்கும். அதனால் விதை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். பாதியை டப்பாவில் வையுங்கள். நாற்று விடுகிற கத்தரி, மிளகாயை நிழலில் விட்டுவிட்டால் மழைக்காகக் காத்திருக்கலாம். மிளகாய் நாற்றுக்கு எப்படியும் 40 நாள் வேண்டும், இந்தத் தாமதம் அதற்கு உறைக்காது. வெண்டையையும் பூசணியையும் மட்டும் முதல் நல்ல மழைக்குப் பிறகு போடுங்கள். காற்றுக்கு மேற்கே ஒரு வரிசை அகத்தி இருந்தால் நல்லது. கீரையும் கிடைக்கும்.

"சித்திரையில கல்யாணம், பத்து நாள் ஊருல இருக்க மாட்டோம். தோட்டம் என்ன ஆகும்?"

இதையும் நோட்டில் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை. வெண்டையை இரண்டு நாளைக்கு ஒரு முறை பறிக்க வேண்டும். பத்து நாள் விட்டால் எல்லாம் முற்றி, செடி காய்ப்பதையே நிறுத்தும். விதைத்து 45 நாளில் காய் ஆரம்பிக்கும் என்பதால், ஊரில் இல்லாத நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பைத் தள்ளுங்கள். தண்ணீருக்கு, மேலே சொன்ன மூடாக்கும் ஒரு நல்ல பக்கத்து வீடும் போதும். பறிக்கிற காய் அவர்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனால் தண்ணீர் தவறாது.

"மிச்சத்தை உழவர் சந்தையில வித்தா செலவுக்காவது ஆகுமா?"

உழவர் சந்தையில் கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும். அட்டை இருந்தாலும் வாரத்துக்கு நாலு கிலோ கத்தரியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறுவது காசுக்கு ஆகாது. மிச்சம் வருகிற மாதிரி நட்டதுதான் கோளாறு. இரண்டாவது கேள்விக்கு எழுதியதைப் பாருங்கள். கீரையை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு பிடி விதைத்து வந்தால் மிச்சமும் வராது, பஞ்சமும் வராது.

"எல்லாம் சரிக்கா, நீங்க அடுத்த வருஷம் என்ன நடப்போறீங்க?"

முதல் பாத்தி போன வருஷம் கத்தரி. அதனால் இந்த ஆடிக்குக் காராமணி, கொத்தவரை. இரண்டாவதில் தக்காளியும் மிளகாயும். மூன்றாவதில், சொன்னேனே அந்த நூற்புழுப் பாத்தி, பாதி செண்டுமல்லி, பாதி ராகி. சரஸ்வதி பூஜைக்குப் பூ ஆகும் என்று வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். நாலாவதில் வெண்டை, அரைக்கீரை, சிறுகீரை. பந்தலில் நாட்டு அவரை மட்டும், மாசி வரை. சுரை ஒன்று குப்பைக் குழி ஓரம். மாசிக்குப் பிறகு எல்லாம் ஒன்றரை சென்டுக்குள்.

புடலை இந்த முறையும் இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். ஆனால் டப்பாவில் நாலு விதை இருக்கிறது. ஈரத்துணியில் போட்டுப் பார்த்தேன், நாலும் முளைத்திருக்கிறது.